கார்த் திரையின் நிறத்தை யார் தீர்மானித்தது?

இரவில் கார் ஓடுபவரின் முகத்தில் விழுகிற அந்தச் சின்ன வெளிச்சத்துக்கும் ஒரு வரலாறு இருக்கு. நீலமா, சிவப்பா எண்டு இண்டைக்கு ஓட்டுநரே தெரிவு செய்யலாம். நெடுங்காலம் அந்தத் தெரிவு அவரிடம் இருக்கவில்லை.

1978இல் அமெரிக்காவின் கடிலாக் செவில் காரில் பயணக் கணினி வந்தது. எரிபொருள், தூரம் எல்லாம் இலக்கங்களாகத் தெரிந்தன. பிறகு எல்.சி.டி திரைகள் பரவின. எல்.சி.டி தானாக ஒளிராது, பின்னால் ஒரு விளக்கு வேணும். பல கார்களில் அது ஒரு குட்டி மின்குமிழ். அதன் மேல் நிறத் தொப்பி. தொப்பியின் நிறம் கம்பனியின் முடிவு. பி.எம்.டபிள்யூ நெடுங்காலம் செம்மஞ்சளில் நின்றது சும்மா இல்லை. இருட்டில் பார்க்க உதவும் எங்கள் கண்ணின் கோல் கலங்கள் சிவப்புப் பக்க ஒளிக்குப் பெரிதாக அசைவதில்லை.

இந்த நிலைமையை மாற்றியது நீல நிறம். சிவப்பு எல்.ஈ.டி 1962இலேயே வந்துவிட்டது. பிரகாசமான நீல எல்.ஈ.டியை ஜப்பானின் நிச்சியா கம்பனியில் சுஜி நகாமுரா உருவாக்க 1993 ஆனது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் கைக்கு வந்தால் வேறெந்த நிறத்தையும் கலந்து எடுக்கலாம். 2005ஆம் ஆண்டு மாதிரி போர்ட் மஸ்டாங்கில் ஓட்டுநர் 125 நிறங்களில் ஒன்றைத் தெரியலாம். பழைய கார் வைத்திருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. தொப்பியைக் கழற்றி, எல்.ஈ.டியை ஈயத்தால் ஒட்டித் தங்கள் விருப்ப நிறத்தைக் கொண்டுவந்தார்கள்.

இதை வெறும் ரசனை விசயமாக நாங்கள் பார்க்கவில்லை. கண் முழுதாக இருட்டுக்குப் பழக அரை மணித்தியாலம் வரை எடுக்கும். பிரகாசமான நீலம் அந்தப் பழக்கத்தைச் சட்டெண்டு குலைக்கும். அதன் விலையைக் கொடுக்கிறது, லைற் இல்லாத றோட்டைக் கடக்கிற ஆள்.

சுவீடனின் சாப் கம்பனி விமானமும் செய்தது. 1990களில் அவர்களுடைய கார்களில் ஒரு பொத்தான் வந்தது. அழுத்தினால் வேகமானி தவிர மற்றதெல்லாம் அணையும். ஏதும் பிழையெண்டால் மட்டும் உரியது திரும்ப ஒளிரும். ஓட்டுநருக்கு நிறம் தராமல் இருட்டைக் கொடுத்தார்கள்.

திரையின் நிறத்தை மாற்றுகிற ஆட்கள் அதை எவ்வளவுக்கு மங்கலாக்கலாம் எண்டும் பார்க்கவேணும். றோட்டில் நடக்கிறவருக்கு அதுதான் முக்கியம்.