பறிகொடுத்தலும் மீட்டலும்

திருப்பூரிலிருந்து அவிநாசி செல்லும் சாலையில் இருக்கிறது திருமுருகன்பூண்டி. சேரமான் பெருமாளிடம் பரிசில் பெற்றுத் திரும்பிய சுந்தரரை இவ்வூருக்கு அருகில் வேடுவர் வழிமறித்துக் கைப்பொருள் அனைத்தையும் பறித்துக்கொண்டனர் என்றும், வேடுவராக வந்தவை சிவபெருமானின் பூதகணங்களே என்றும் சேக்கிழார் சொல்கிறார். பறிகொடுத்தவர் கோயிலுக்குள் சென்று, வழிப்பறிக்காரர் வாழும் இந்த ஊரில் நீர் எதற்காகக் குடியிருக்கிறீர் என்று இறைவனையே கேட்டுப் பாடுகிறார். ஏழாம் திருமுறையில் இருக்கும் அப்பதிகத்தில் மன்றாட்டைவிட ஏசலே மிகுதி. பாடி முடித்ததும் பறிபோன பொருள் திரும்பக் கிடைக்கிறது.

இந்தக் கதை வேறொரு காரணத்துக்காகச் சில மாதங்களாக என் மனத்தில் சுற்றி வருகிறது. என்னிடம் தமிழ் படித்துவிட்டுப் பின்னலாடைத் தொழிலுக்குப் போன பழைய மாணவர் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நைலான் கம்பி பூட்டிய கிதாருடன் வீட்டுக்கு வந்தார். இரண்டு பாடல்களை வாசித்தார். முதலாவது, மெட்டாலிகா குழுவினர் 1991இல் வெளியிட்ட ‘நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்’. நான் அதைக் கேட்டதில்லை. அழுத்தமான, துக்கம் கலந்த ஒரு தனி வாத்தியப் படைப்பாகவே அது எனக்குப் பட்டது. இரண்டாவது, ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’. அதை அவர் வாசித்தபோது கிதாரை நான் கேட்டேன் என்று சொல்ல முடியாது. பாலசுப்ரமணியத்தின் குரலையும் வைரமுத்துவின் சொற்களையுமே கேட்டேன். இந்த வேறுபாட்டை அவரிடம் சொன்னபோது, “முதல் பாட்டுக்கு உங்களுக்கு வார்த்தை தெரியாதுங்கய்யா. எனக்கு ரெண்டுமே பாட்டாத்தான் கேட்குது” என்றார்.

சொல்லை நம்பிப் பிழைப்பவன் நான். சொல் நீங்கிய பாட்டு இன்னும் பாட்டாக இருக்க முடியுமா என்ற கேள்வி அன்று தொடங்கியது. மின்கிதார், முழவு, உரத்த குரல், மேடை வெளிச்சம் ஆகியவற்றால் ஆன ராக் பாடலை ஒரே ஒருவர் ஆறு கம்பிகளில் வாசிக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன். அது நான் எண்ணியதைவிடப் பழைய வழக்கம்.

செவ்வியல் கிதாரின் வரலாற்றில் பாதி, பிற கருவிகளிடமிருந்து பறித்து வந்த வரலாறுதான். ஸ்பெயினைச் சேர்ந்த ஃப்ரான்சிஸ்கோ தாரெகா (1852–1909) பியானோவுக்காக எழுதப்பட்ட ஷோபானின் படைப்புகளையும் அல்பேனிஸின் படைப்புகளையும் கிதாருக்கு மாற்றினார். அல்பேனிஸின் பியானோ இசை கிதாரின் ஓசையையே கனவு கண்டு எழுதப்பட்டதுபோல் இருப்பதால், கிதாரில் கேட்டவர்கள் மூலம் எது என்று மயங்கினார்கள். அடுத்த தலைமுறையில் ஆந்த்ரேஸ் செகோவியா (1893–1987) ஒரு படி மேலே போனார். பாஹ் தனி வயலினுக்கு எழுதிய டி மைனர் பார்த்தித்தாவின் ‘ஷாகோன்’ பகுதியை 1935இல் பாரிஸ் மேடையில் கிதாரில் வாசித்தார். மதுக்கடை வாத்தியம் என்று கருதப்பட்ட கிதார், கச்சேரி அரங்கில் இடம்பிடிக்க அந்த வாசிப்பு பெரிதும் உதவியது. ஆட்டுக்குடல் நரம்புக்குப் பதிலாக நைலான் கம்பி வந்தது 1940களில். நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் அகஸ்டின் அதை உருவாக்கினார். அதற்கு ஊக்கம் தந்தவரும் செகோவியாதான்.

இதே செகோவியாவுக்கு மின்கிதாரும் ராக் இசையும் சற்றும் பிடிக்காது. தான் அரண்மனைக்குள் அழைத்துச் சென்ற கருவியை மறுபடி தெருவுக்கு இழுப்பவர்கள் என்றே ராக் இசைஞர்களை அவர் கண்டார். ஆனால் தெரு அரண்மனையை உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தது. 1964இல் பீட்டில்ஸ் குழுவின் ‘அண்ட் ஐ லவ் ஹெர்’ பாடலுக்கு ஜார்ஜ் ஹாரிசன் வாசித்தது நைலான் கம்பிக் கிதார். 1968இல் பால் மெக்கார்ட்னி ‘பிளாக்பேர்ட்’ பாடலை அமைத்தபோது, சிறுவயதில் தானும் ஹாரிசனும் அரைகுறையாகப் பயின்ற பாஹின் ஈ மைனர் ‘பூரே’ நடனமே அதற்கு விதை என்று பின்னர் சொல்லியிருக்கிறார். மேல் கம்பியில் மெட்டு நகர, கீழ்க் கம்பியில் அடிச்சுரம் உடன் நடக்கும் அமைப்பை அவர் எடுத்துக்கொண்டார். அதே பூரேயை 1969இல் ஜெத்ரோ டல் குழு புல்லாங்குழல் முன்னிற்கும் ராக் இசையாக வெளியிட்டது. ஆகவே, ராக் பாடலைச் செவ்வியல் கிதாருக்குக் கொண்டுவருபவர் பல நேரங்களில் கடனாகப் போனதைத்தான் திரும்பக் கொண்டுவருகிறார்.

எல்லாப் பாடல்களும் அவ்வளவு இணக்கமானவை அல்ல. மாணவர் தன் கையெழுத்துப் படியை வைத்துக்கொண்டு எனக்கு விளக்கியவற்றில் மூன்று சிக்கல்கள் நினைவில் நிற்கின்றன.

முதலாவது, ராக் இசையின் ‘பவர் கார்ட்’. அதில் சட்ஜமும் பஞ்சமமும் மட்டுமே ஒலிக்கும், காந்தாரம் இருக்காது. மின்கிதாரின் ஒலியைப் பெருக்கிக் கரகரப்பாக்கும்போது காந்தாரமும் சேர்ந்தால் ஓசை கலங்கிவிடும் என்பதால் அதை விட்டுவிடுகிறார்கள். அந்தக் கரகரப்பு நீங்கிய நைலான் கம்பியில் அதே இரண்டு சுரங்கள் வெற்றுச் சுவர்போல் ஒலிக்கின்றன. எனவே விடுபட்ட காந்தாரத்தை மாற்றியமைப்பவர் சேர்த்தாக வேண்டும். அந்தர காந்தாரமா, சாதாரண காந்தாரமா என்பதை மூலப் பாடகரின் குரல் எங்கே போகிறது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். மூலத்தில் சொல்லப்படாததை வழிநூலில் சொல்ல நேர்கிறது.

இரண்டாவது, நீட்சி. மின்கிதாரின் சுரம் ஒலிபெருக்கியின் பலத்தில் நெடுநேரம் நிற்கும். நைலான் கம்பியில் மீட்டிய கணத்திலிருந்தே சுரம் தேயத் தொடங்குகிறது. நீண்ட சுரத்தை மூன்று விரல்களால் அடுத்தடுத்துத் தட்டி இழை அறாமல் காக்கலாம். அல்லது அதைச் சுற்றிலும் சிறு சுரங்களைத் தூவி, காது அதை நீண்டதாகவே எண்ணும்படி ஏமாற்றலாம்.

மூன்றாவது சிக்கல்தான் என்னை நிறுத்தியது. ராக் பாடகர் பல இடங்களில் ஒரே சுரத்தில் ஒரு வரி முழுவதையும் சொல்லிவிடுவார். அங்கே இயக்கம் சொல்லில் இருக்கிறது. மெட்டு அசையாமல் நிற்கிறது. சொல்லை எடுத்துவிட்டால் ஒரே சுரம் எட்டுத் தடவை ஒலிப்பது மட்டும் மிஞ்சும். இரண்டாம் சரணமும் அப்படியே. மெட்டு ஒன்று, சொல் வேறு என்பதால்தான் அது இரண்டாம் சரணம். சொல் இல்லாத இடத்தில் அது வெறும் மறுபதிப்பு. ஆகவே வாசிப்பவர் ஒன்று அதை வெட்ட வேண்டும், அல்லது கீழே செல்லும் அடிச்சுரங்களை மாற்றி, சொல் செய்த வேலையைச் சுரத்தைக்கொண்டு செய்ய வேண்டும்.

இவற்றைக் கேட்டுக்கொண்டிருந்தபோது தொல்காப்பிய மரபியல் நினைவுக்கு வந்தது. வழிநூலைத் தொல்காப்பியர் நான்காகப் பகுக்கிறார்: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு. நான்கையும் வகுப்பில் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். நான்கும் ஒரே வேலையில் ஒருசேர நிகழ்வதை அந்த மாலையில்தான் கண்டேன். ஐந்து பேர் செய்ததை ஒருவர் செய்வது தொகுத்தல். விடுபட்ட காந்தாரத்தைச் சேர்ப்பது விரித்தல். சரணத்தை வெட்டி அடிச்சுரத்தைப் பெருக்குவது தொகைவிரி. குரலின் மொழியிலிருந்து கம்பியின் மொழிக்குக் கொண்டுவருவது மொழிபெயர்ப்பு. வழிநூல் என்பது நகல் அன்று என்று இலக்கணம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. நாம்தான் ‘அசல்போல் இல்லை’ என்று குறைப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.

இந்த வழிநூல்களுள் முக்கியமானது என்று நான் கருதுவது ஜப்பானிய இசையமைப்பாளர் தோரு தகேமித்சு (1930–1996) 1977இல் முடித்த ‘கிதாருக்கான பன்னிரு பாடல்கள்’. அதில் நான்கு பீட்டில்ஸ் பாடல்கள் இருக்கின்றன: ‘ஹியர் தேர் அண்ட் எவ்ரிவேர்’, ‘மிஷேல்’, ‘ஹே ஜூட்’, ‘யெஸ்டர்டே’. அவற்றோடு ஓர் ஐரிஷ் மெட்டும், ஒரு கிறித்தவப் பாடலும், தொழிலாளர் இயக்கத்தின் ‘சர்வதேச கீத’மும் அடுத்தடுத்து நிற்கின்றன. அதற்குள் உலகின் முதன்மையான நவீன இசையமைப்பாளர்களுள் ஒருவராக அவர் அறியப்பட்டிருந்தார். அப்படிப்பட்டவர் பாமரர் முணுமுணுக்கும் மெட்டுகளை ஏன் எடுத்தார் என்ற கேள்விக்கு அவர் வாழ்க்கையிலேயே விடை இருக்கிறது. 1944இல், பதினான்கு வயதில், கட்டாயப் போர்ப்பணிக்கு அழைக்கப்பட்டு ஒரு ராணுவ முகாமில் இருந்தார். மேற்கத்திய இசை தடைசெய்யப்பட்டிருந்த நாள்கள் அவை. அங்கே ஒரு ராணுவத்தான் பிரெஞ்சுப் பாடல் ஒன்றின் இசைத்தட்டை ஒலிக்கவிட்டான். காதலைப் பற்றிப் பேசச் சொல்லும் அப்பாடலைக் கேட்ட கணத்தில்தான் இசை என்ற ஒன்று தன்னுள் புகுந்தது என்று தகேமித்சு பிற்காலத்தில் பலமுறை கூறினார்.

ஒரு வெகுசனப் பாடல் அவருக்கு வாழ்க்கையைத் தந்தது. பன்னிரு பாடல்கள் அந்தக் கடனின் திருப்பம் என்று படிக்க இடமிருக்கிறது. அவர் ‘யெஸ்டர்டே’யைப் பாடுவதில்லை, அதன் மெட்டைத் தொடாமல் விட்டு, அதன் கீழே எதிர்பாராத சுரக்கூட்டுகளை வைக்கிறார். நன்கு தெரிந்த முகத்தை வேறொரு விளக்கின் வெளிச்சத்தில் பார்ப்பதுபோல் இருக்கிறது. இந்தத் தொகுப்புக்குப் பின் கூபாவின் லியோ ப்ரௌவர் பீட்டில்ஸ் பாடல்களைக் கிதாருக்கும் தந்தி வாத்தியக் குழுவுக்குமாக அமைத்தார். ஸ்வீடனின் யோரான் சோல்ஷர் 1995இல் பீட்டில்ஸ் பாடல்களைக்கொண்டே ஓர் இசைத்தட்டை டாய்ச் கிராமஃபோன் நிறுவனத்தில் வெளியிட்டார். பாஹையும் பேத்தோவனையும் பதிப்பித்த நிறுவனம் அது.

நமக்கு இது அந்நியமான சங்கதியே அல்ல. கர்நாடக இசையில் வீணைக்கென்று தனியாகப் பெரிய உருப்படித் தொகை கிடையாது. பாட எழுதப்பட்ட கீர்த்தனையையும் பதத்தையுமே வீணை வாசிக்கிறது. நான்கு கம்பிகளில் குரல் நடக்க, பக்கத்தில் உள்ள மூன்று கம்பிகள் தாளத்தைச் சொல்கின்றன. ஒரே ஆள் பாடகராகவும் தாளக்காரராகவும் இருக்கும் ஏற்பாடு நமக்கு நூற்றாண்டுகளாகப் பழக்கம். வீணை தனம்மாளின் (1867–1938) வெள்ளிக்கிழமை மாலைகளுக்கு வந்தவர்கள் பதங்களின் சொல்லை அறிந்தே வந்தவர்கள். சாகித்தியம் எங்கே பிரிகிறதோ அங்கேதான் வீணைக்காரர் கம்பியை மீண்டும் மீட்ட வேண்டும் என்ற மரபு, சொல் இல்லாத இடத்திலும் சொல்லின் எலும்புக்கூட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றிய காலத்துச் சண்டை முழுவதும் சொல்லைப் பற்றியது. கேட்பவனுக்குப் புரியும் மொழியில் பாடு என்பது அதன் கோரிக்கை. அந்தக் கோரிக்கையின் பக்கம்தான் நான் இன்றும் நிற்கிறேன். ஆயினும் நாகசுரமும் வீணையும் அந்த வழக்குக்கு வெளியே தப்பி நின்றதை இப்போது கவனிக்கிறேன். சொல் கேட்பவனிடம் ஏற்கெனவே இருந்தால் வாத்தியம் அதை எழுப்பும். இல்லையென்றால் வேறொன்றை எழுப்பும்.

இளையராஜா இந்த இரு கரைகளையும் அறிந்தவர். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்று, லண்டன் ட்ரினிட்டி இசைக் கல்லூரியின் செவ்வியல் கிதார்த் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். ‘இளைய நிலா’ (1982) கிதாரோடு பிறந்த பாடல் என்பதால் அது தனிக் கிதாருக்கு எளிதில் திரும்புகிறது. 1986இல் வந்த ‘ஹௌ டு நேம் இட்’ தொகுப்பில், பாஹ் தனி வயலினுக்கு எழுதிய ஈ மேஜர் பார்த்தித்தாவின் முன்னிசையை எடுத்துக்கொண்டு, பாஹைத் தன் வீட்டில் சந்தித்ததாக அதற்குத் தலைப்பிட்டார். அந்த முன்னிசையை பாஹே வேறு கருவிகளுக்கு மாற்றி எழுதியிருக்கிறார். லூட் வாத்தியத்துக்கான வடிவத்தைத்தான் இன்று கிதார்க் கலைஞர்கள் வாசிக்கிறார்கள். வழிநூல் செய்வதில் மூல ஆசிரியருக்கே வெட்கம் இருந்ததில்லை.

‘நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்’ பாடலின் தொடக்கத்தை மாணவர் மறுபடி வாசித்துக் காட்டினார். இடக்கை எந்தக் கம்பியையும் தொடவில்லை. ஒரு கையில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் வெறும் கம்பிகளை மீட்டியபோது பிறந்த மெட்டு அது என்று ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் சொல்லியிருக்கிறாராம். அந்தப் பாடலின் பேரிரைச்சல் எல்லாம் பின்னால் சேர்ந்தது. தனிக் கிதார் அதைப் பறித்துவிட்டு, பாடல் பிறந்த அறைக்கே நம்மை அழைத்துப் போகிறது.

எல்லாம் திரும்பக் கிடைத்துவிடுகிறது என்று நான் சொல்லமாட்டேன். ஆயிரம் பேர் சேர்ந்து கத்தும் பல்லவி திரும்பாது. பாடகரின் மூச்சு திரும்பாது. சொல்லை அறியாதவனுக்குச் சொல் திரும்பாது. தமிழில் ‘மீட்டல்’ என்ற சொல் கம்பியைத் தொடுவதற்கும் இழந்ததைத் திரும்பப் பெறுவதற்கும் பொதுவாக இருப்பதை எண்ணி முதலில் மகிழ்ந்தேன். பிறகு பூண்டிப் பதிகத்தை மறுபடி படித்தேன். பொருள் திரும்பிய செய்தி சேக்கிழாரிடம் இருக்கிறது. பதிகத்தில் இருப்பது பறிகொடுத்தவரின் குரல் மட்டும்தான். பரிசில் கைநழுவாமல் ஊர் போய்ச் சேர்ந்திருந்தால் அந்தப் பாட்டு நமக்கு வாய்த்திருக்காது.

மெட்டாலிகாவின் அந்தப் பாடலைச் சொற்களோடு நான் இன்னும் கேட்கவில்லை. மாணவர் ஒலிப்பதிவை அனுப்பியிருக்கிறார். கேட்டுவிட்டால் அந்த மாலையில் நான் கேட்டது போய்விடும் என்பதால் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.