ஊர் சுற்றும் லென்ஸ்

புதிதாக டி.எஸ்.எல்.ஆர். காமிரா வாங்கியவர்களை ஒரு வியாதி பிடித்துக்கொள்கிறது. பறவைக்கு ஒரு லென்ஸ், கோபுரத்துக்கு ஒன்று, குழந்தையின் முகத்துக்கு ஒன்று என்று வாங்கிச் சேர்க்கிறார்கள். ஆறு மாதத்தில் பை கனத்துவிடுகிறது. பை கனத்ததும் காமிரா பீரோவுக்குள் குடியேறிவிடுகிறது. பிறகு கல்யாணத்துக்குக் கல்யாணம்தான் அதற்கு வெளியுலக தரிசனம்!

இந்தக் கனத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்ற ஊரில், மைக்ராஸ்கோப்புக்குப் பெயர்போன லைட்ஸ் தொழிற்சாலையில், 1911-ல் ஆஸ்கர் பர்னாக் என்ற யந்திர நிபுணர் வேலைக்குச் சேர்ந்தார். மனிதருக்குப் படம் எடுப்பதில் மோகம். இயற்கைக் காட்சிகளைத் தேடி நடப்பதிலும் மோகம். ஆனால் உடம்பில் ஆஸ்துமா. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டுக் காமிராவைச் சுமந்துகொண்டு மேடு ஏறினால் மூச்சு வாங்கியது. சினிமாப் பிலிமையே வைத்து ஒரு சிறு காமிரா செய்தாலென்ன என்று அவருக்குத் தோன்றியது. 18-க்கு 24 மிலிமீட்டராக இருந்த சினிமாச் சட்டத்தை இரட்டித்து 24-க்கு 36 ஆக்கினார். 1914 வாக்கில் சட்டைப் பையில் போடத்தக்க காமிரா ஒன்று அவர் கையில் இருந்தது.

நடுவே மகா யுத்தம் வந்ததால், 1925-ல்தான் ‘லைக்கா’ என்ற பெயருடன் லைப்ஸிக் சந்தைக்கு அது வந்தது. மாக்ஸ் பெரெக் அமைத்துக் கொடுத்த 50 மிலிமீட்டர் லென்ஸ் அதில் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருந்தது, கழற்ற முடியாது. ஆகவே எந்த லென்ஸ் என்ற கேள்வியே எழவில்லை. 1930-ல் லென்ஸை மாற்றிக்கொள்ளும் வசதி வந்தது. வியாதிக்கு வித்து விழுந்தது அன்றுதான்.

வசதி வந்த பிறகும் ஒரே லென்ஸோடு உலகம் சுற்றியவர்கள் உண்டு. பிரெஞ்சுக்காரரான ஹென்றி கார்த்தியே-பிரஸோன் 1932-ல் லைக்கா வாங்கினார். வாழ்நாளில் பெரும்பாலும் 50 மிலிமீட்டரைக் கொண்டே படம் எடுத்தார். 1948 ஜனவரி 30 அன்று டில்லியில் காந்தியடிகளைச் சந்தித்து விடைபெற்றார். சிறிது நேரத்துக்கெல்லாம் அந்தப் பயங்கரச் செய்தி வந்தது. பிர்லா மாளிகைக்குத் திரும்பி ஓடினார். வாசலில் நின்று நேரு மக்களுக்குச் செய்தியை அறிவித்ததைப் படம் பிடித்தார். இருட்டு; உருவங்கள் கலங்கியிருக்கின்றன. துல்லியம் தேடுகிறவர் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனாலும் அந்த இரவின் துக்கம் முழுதும் அதில் இருக்கிறது. காமிரா அப்போது பெட்டிக்குள் இருந்திருந்தால் அந்தப் படமே இல்லை.

பல லென்ஸ்களின் வேலையை ஒன்றே செய்யட்டும் என்ற எண்ணமும் பிறந்தது. 1959-ல் ‘ஃபோய்க்ட்லேண்டர் ஸூமர்’ வந்தது. 36 முதல் 82 வரை அது ஒன்றே பார்த்தது. அந்த வம்சத்தின் எளிய வாரிசுதான், 2003-ல் கானன் 300டி காமிராவோடு சேர்த்து விற்கப்பட்ட 18–55.

இங்கே ஒரு கணக்கை மறக்கக் கூடாது. ஆரம்பக்காரரின் டி.எஸ்.எல்.ஆரில் படம் பதியும் தகடு, பர்னாக்கின் சட்டத்தைவிடச் சிறியது. நிக்கானில் ஒன்றரை மடங்கு, கானனில் 1.6 மடங்கு காட்சி குறுகும். விலை மலிவு என்று 50 வாங்கினால், அது 75 அல்லது 80 போல நடந்துகொள்ளும். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நாலு பேரை அடக்க, எடுப்பவர் சுவரோடு சுவராக ஒட்டவேண்டியதுதான். கார்த்தியே-பிரஸோனின் பார்வை வேண்டுமென்றால் 35 வாங்கவேண்டும்.

உடனே கடைக்கு ஓடவும் வேண்டாம். காமிராவோடு வந்த 18–55-ஐ மாட்டிக்கொண்டு மூன்று மாதம் ஊர் சுற்றுங்கள். எந்த எண்ணில் எடுத்தோம் என்பது ஒவ்வொரு படத்திலும் பதிந்திருக்கும். பெரும்பாலும் 35-ஐச் சுற்றியே இருந்தால், 1.8 துவாரமுள்ள 35 உங்களுக்கு ஏற்றது. 55 முனையில் அந்தப் பழைய லென்ஸின் துவாரம் 5.6 தான், 1.8 அதைவிட ஏறக்குறையப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். விளக்கு வைத்த வீட்டுக்குள் குழந்தையைப் படம் பிடிக்க அது போதும். எப்போதும் 55-ல் போய் முட்டிக்கொள்கிறீர்களா? அப்படியானால் 18–135 போன்ற நீண்ட ஸூம் ஒன்று. வெளிச்சம் குறையும், கனம் கூடும். ஆனால் இரண்டாவது லென்ஸ் வேண்டியதில்லை.

எதை வாங்கினாலும், காமிராவில் மாட்டித் தோளில் போட்டுக்கொண்டு காய்கறிக் கடை வரை ஒருமுறை நடந்து பாருங்கள். தோள் முணுமுணுத்தால் அந்த லென்ஸ் வேண்டாம். பர்னாக்கின் மூச்சிரைப்பு நமக்குச் சொல்லிவைத்த பரீட்சை அது.