அந்நிய ஊரில் கார் மோதினால் யார் பணம் தருவார்? பச்சை அட்டையின் கதை

கிரீன் கார்டு என்றதும் அமெரிக்காவும் சாஃப்ட்வேர் அண்ணன்மார்களும் ஞாபகத்துக்கு வந்தால், மன்னிக்கவும், இது அது இல்லை. ஐரோப்பாவில் சொந்தக் காரை ஓட்டிக்கொண்டு எல்லை தாண்டுகிறவர்கள் கையில் வைத்திருந்த இன்சூரன்ஸ் அட்டை இது. பி.காம் படிக்கிற எனக்கு இதன் கதை போர்களின் கதையை விடச் சுவையாக இருக்கிறது.

பிரச்சினை இதுதான். ஓர் ஆங்கிலேயர் கப்பலில் காரை ஏற்றி பிரான்சுக்குப் போகிறார். சைக்கிளில் வந்த ஒரு விவசாயி மீது மோதிவிடுகிறார். பிறகு ஊருக்குத் திரும்பிவிடுகிறார். கால் உடைந்த விவசாயி யாரைக் கேட்பது? பிரிட்டனில் 1930-லேயே மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாகிவிட்டது. ஆனால் அந்தச் சட்டம் பார்த்துக்கொண்டது பிரிட்டிஷ் சாலைகளை மட்டும். பிரான்சில் காப்பீடு கட்டாயமானதே 1958-ல். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சட்டம், ஒரு மொழி. விவசாயி லண்டனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

போர் முடிந்ததும் ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் இதைக் கையில் எடுத்தது. 1949 ஜனவரியில் ஒரு பரிந்துரை வந்தது. ஒவ்வொரு நாட்டிலும் இன்சூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து ஒரு பீரோ அமைக்க வேண்டும் (நம் வீட்டு இரும்பு பீரோ இல்லை, அலுவலகம்!). வெளிநாட்டுக் கார் இடித்தால், இடிபட்டவர் தன் நாட்டு பீரோவிடமே போகலாம். அது உள்ளூர்ச் சட்டப்படி பணம் கொடுத்துவிட்டு, காரின் சொந்த நாட்டு பீரோவிடம் வசூலித்துக்கொள்ளும். அந்தக் கம்பெனி கைவிரித்தாலும் பீரோ கைவிரிக்க முடியாது. லெட்டர் ஆஃப் கிரெடிட் படித்தவர்களுக்கு உடனே புரியும். முகம் தெரியாத ஆளை நம்ப வேண்டாம், அவருக்காக வாக்குக் கொடுத்த அமைப்பை நம்பினால் போதும். 1953 ஜனவரி 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. அந்த வாக்குக்கு அடையாளம்தான் பச்சை அட்டை.

பிறகு 1972-ல் ஐரோப்பியச் சமூகம் ஒரு படி மேலே போனது. உறுப்பு நாடுகளுக்கிடையே எல்லையில் அட்டையைச் சோதிப்பதே வேண்டாம், நம்பர் பிளேட்டே போதும் என்றது. இந்த வழிகாட்டுச் சட்டத்தின் எண் 72/166. தேர்வில் வராது, கவலை வேண்டாம் :)

சரி, பணம் தர ஆள் கிடைத்தாயிற்று. என்ன நடந்தது என்பதை எழுதுவது யார்? ஒருவருக்கு ஸ்பானிஷ், இன்னொருவருக்கு ஜெர்மன். இங்கேதான் என்னை அசத்திய விஷயம் வருகிறது: ஐரோப்பிய விபத்துப் படிவம். எந்த மொழியில் அச்சடித்தாலும் கட்டங்களின் எண்ணும் இடமும் மாறாது. நீல நிறப் பக்கம் 'அ' வண்டிக்கு, மஞ்சள் 'ஆ' வண்டிக்கு. 12-ஆம் கட்டத்தில் 17 சூழ்நிலைகள் இருக்கும். 8 என்றால் ஒரே லேனில் முன்னால் போன வண்டியைப் பின்னாலிருந்து இடித்தது. 14 என்றால் ரிவர்ஸ் எடுத்தது. டிக் அடித்தால் போதும், பேசவே வேண்டாம். 13-ல் படம் வரைய வேண்டும்.

இதில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. மொத்தம் எத்தனை டிக் அடித்தீர்கள் என்று எண்ணி எழுத வேண்டும். ஏன்? கையெழுத்துப் போட்ட பிறகு யாரும் ஒரு டிக் கூடுதலாகப் போட்டுவிடக் கூடாது அல்லவா! நாம் செக்கில் தொகைக்குப் பின்னால் 'மட்டும்' என்று எழுதிக் கோடு இழுக்கிறோமே, அதே புத்தி. இந்தப் படிவம் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பத்திரம் இல்லை, ஆனாலும் இருவரும் கையெழுத்திட்ட பிறகு கதையை மாற்றுவது பெரும்பாடு. அதனால் அங்கே ஓட்டப் போகிறவர்கள் தங்களுக்குத் தெரிந்த மொழிப் பிரதி ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. புரியாத வேறு காகிதத்தில் கையெழுத்தே போடக் கூடாது.

படிவத்துக்கு முன்னால் செய்ய வேண்டியதை 1968 வியன்னா சாலை ஒப்பந்தம் சொல்கிறது: நிறுத்து, மற்ற வண்டிகளுக்கு ஆபத்து வராமல் பார், யாருக்காவது காயம் என்றால் போலீஸுக்குச் சொல்லிவிட்டு அங்கேயே இரு. கூப்பிட வேண்டிய எண் 112. ஐரோப்பா முழுவதற்கும் ஒரே எண் என்று 1991-ல்தான் முடிவு செய்தார்கள்.

இவ்வளவு செய்தும் ஒரு ஓட்டை இருந்தது. பச்சை அட்டை காப்பாற்றியது சொந்த ஊரில் வெளிநாட்டுக் காரிடம் அடிபட்டவரை. சுற்றுலா போன இடத்தில் அடிபட்டு ஊர் திரும்பியவரை? அவர் அந்நிய மொழியில், அந்நிய நாட்டு வக்கீலைப் பிடித்து அலைய வேண்டியிருந்தது. 1953-லிருந்து இதற்கு விடை வர அரை நூற்றாண்டு ஆனது என்பது எனக்கு ஆச்சரியம்தான். சுற்றுலாப் பயணி ஓட்டுப் போடுவதில்லை, வேறென்ன! 2000-த்தில் வந்த நான்காவது வழிகாட்டுச் சட்டப்படி, ஒவ்வொரு கம்பெனியும் மற்ற ஒவ்வொரு உறுப்பு நாட்டிலும் ஒரு பிரதிநிதியை வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் சொந்த நாட்டு இழப்பீட்டு அமைப்பிடம் போகலாம். 2007 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் இன்னும் ஒன்று சொன்னது. நெதர்லாந்தில் விபத்தில் சிக்கிய ஜெர்மானியர், அந்த டச்சுக் கம்பெனி மீது ஜெர்மனியிலேயே வழக்குப் போடலாம்!

பிரெக்ஸிட் இதைப் பிரித்துப் போட்டது. 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டிஷ் கார்களுக்கு மறுபடி பச்சை அட்டை தேவைப்பட்டது. (அதற்குள் அட்டை பச்சையாகவே இல்லை. 2020 ஜூலையிலிருந்து வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் அச்சடித்துக்கொள்ளலாம்.) ஆகஸ்டில் அந்தத் தேவையை நீக்கிவிட்டார்கள். ஆனால் சொந்த ஊரில் பிரதிநிதியிடம் கேட்கும் வசதி மட்டும் திரும்பி வரவில்லை. கலே நகரில் அடிபட்டு வீடு திரும்பும் லண்டன்காரர், பொதுவாக பிரெஞ்சுக் கம்பெனியிடமே போய் நிற்க வேண்டும்.