யாரெல்லாம் தொழிலாளி இல்லை?

வேலை நேரத்துக்கு மேல் உழைத்தால் கூடுதல் கூலி என்பது எந்த முதலாளியும் மனமிரங்கிக் கொடுத்ததல்ல. தொழிலாளர்கள் போராடிப் பெற்றது. ஆனால் அதைச் சட்டமாக எழுதியவர்கள், யாரை வெளியே நிறுத்துவது என்பதையும் அதிலேயே எழுதி வைத்தார்கள். கணினித் துறையினரின் ஓவர்டைம் வரலாற்றை இங்கிருந்துதான் படிக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1938-இல் நியாயமான உழைப்புத் தரச் சட்டம் வந்தது. வார வரம்பைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு கூலி. விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செய்வோரும் அதில் இல்லை. தென் மாநிலங்களில் இவ்விரு வேலைகளிலும் பெருமளவில் இருந்தவர்கள் கறுப்பின மக்கள். சட்டத்தில் இனத்தின் பெயர் கிடையாது. தொழிலின் பெயரே போதுமானதாக இருந்தது. சாதியை அறிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வீட்டு வேலை செய்வோர் 1974-இல்தான் உள்ளே வந்தார்கள். விவசாயத் தொழிலாளருக்கு அந்த மத்தியச் சட்டத்தில் இன்றும் ஓவர்டைம் இல்லை.

1990-இல் இன்னொரு கூட்டம் வெளியே நிறுத்தப்பட்டது. குறைந்தபட்சக் கூலியைப் போல ஆறரை மடங்குக்கு மேல் மணிக்கூலி வாங்கும் மென்பொருள் பணியாளருக்கு ஒன்றரை மடங்கு தேவையில்லை என்றார்கள். 1996-இல் அந்தத் தொகையை 27.63 டாலர் என்று நிலைநிறுத்தினார்கள். விலைவாசி எவ்வளவோ ஏறியும் அந்த எண் மாறவில்லை. நம் பிள்ளைகள் பலர் அங்கே போன எச்-1பி விசாவும் அதே 1990-இல் பிறந்ததுதான். வேலை போனால் விசாவும் போகும் என்ற நிலையில் ஓவர்டைம் கேட்க யாருக்குத் துணிவு வரும்?

கேட்டவர்களும் உண்டு. தொழில்நுட்பப் பணியாளர்கள் தொடுத்த வழக்கில் 2006-இல் ஐபிஎம் 6.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. 2008-இல் சுமார் 7,600 பேருக்கு ஓவர்டைம் தருவதாக அறிவித்த அந்த நிறுவனம், அவர்களின் அடிப்படைச் சம்பளத்தில் 15 சதவீதத்தை வெட்டியது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது இதுதான்.

இங்கே நிலைமை என்ன? தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர் கொண்டுவந்த திருத்தத்தால், 1946-இல் ஆலைகளின் வார வேலை நேரம் 54-இலிருந்து 48 மணியாகக் குறைந்தது. 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி என்றது. ஐ.டி. அலுவலகங்களுக்குப் பொருந்தும் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-உம் அதையே சொல்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது. ஆகவே அதிகாரம் எதுவும் இல்லாத ஒருவருக்கு 'மேனேஜர்' பட்டம் கொடுப்பதால் யாருக்கு லாபம் என்று யோசியுங்கள்.

வயலில் நின்றவரைத் தாழ்ந்தவர் என்று சொல்லி ஒதுக்கினார்கள். கணினி முன் அமர்ந்தவரை உயர்ந்தவர் என்று சொல்லி ஒதுக்கினார்கள். இருவரிடமிருந்தும் பறிபோனது ஒரே கூலிதான். 'நான் கூலிக்காரன் இல்லை, புரொஃபஷனல்' என்று பெருமைப்படும் தம்பி, தங்கைகள் அந்தப் பெருமைக்கு மாதம் எத்தனை மணி நேரம் விலை கொடுக்கிறோம் என்று கணக்குப் பார்க்கட்டும். அதே கட்டடத்தைத் துடைக்கும் தொழிலாளியோடு சேர்ந்து நின்றால்தான் அந்தக் கணக்கைத் தீர்க்க முடியும்.