உச்சியில் நிற்காதவரின் பெயரில் ஓர் உச்சி

கினாபாலு மலையின் மிக உயர்ந்த முனைக்கு லோ சிகரம் என்று பெயர். உயரம் 4,095 மீட்டர். பெயருக்குரிய ஹியூ லோ ஒருமுறைகூட அதன்மேல் நின்றதில்லை.

லாபுவானில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த லோ, 1851இல் உள்ளூர் டூசுன் மக்களின் துணையோடு ஏறினார். பதிவில் இருக்கும் முதல் ஏற்றம் அதுதான். உச்சியின் பாறைவெளி வரை போனார், முனையை எட்டவில்லை. 1858இல் ஸ்பென்சர் செயின்ட் ஜானுடன் மறுபடியும் வந்தார். சரியான காலணி இல்லாததால் கால் புண்ணாகி, கியாவ் கிராமத்திலேயே தங்கிவிட்டார். செயின்ட் ஜான் மட்டும் மேலே போனார். சில மாதம் கழித்து இருவரும் சேர்ந்து ஏறியபோதும் லோ அந்த முனையைத் தொடவில்லை. 1888இல் ஜான் வொயிட்ஹெட் அங்கே போய் நின்றபோது, பெயர் மட்டும் லோவுடையதாகவே இருந்தது.

இதையெல்லாம் நான் படித்தது மலையேறும் பூட்ஸ் வாங்கப் போவதற்கு முதல் நாள் ராத்திரி.

ஸ்கூடாயில் இறுதியாண்டு படிக்கும்போது எனக்கு இடுப்பு வலி ஆரம்பித்தது. முதலில் பார்த்த கிளினிக்கில் நாற்காலி சரியில்லை என்றார்கள். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று பெயர் தெரிய இரண்டு வருடம் ஆனது. முதுகெலும்பு மூட்டுகளில் வரும் அழற்சி இது. படுத்தால் கூடும், நடந்தால் குறையும். விடியற்காலையில்தான் உடம்பு மரக்கட்டை மாதிரி இருக்கும். விலா எலும்புகள் முதுகெலும்போடு சேரும் இடங்களும் இறுகினால் நெஞ்சு முழுசாக விரியாது.

"இடுப்ப வச்சிக்கிட்டு ஒக்கார முடியல, மலை ஒண்ணுதான் கொறச்ச" என்றார் அம்மா. நியாயமான கேள்விதான். பதில் தேடிப் போனபோது கிடைத்தவர் இசபெல்லா பேர்ட்.

1831இல் யார்க்‌ஷயரில் பிறந்த இவருக்கு இளமையிலேயே முதுகெலும்புக் கோளாறு. பதினெட்டு, பத்தொன்பது வயதில் முதுகுத்தண்டின் அருகிலிருந்த ஒரு கட்டியை அறுத்து எடுத்தார்கள். வலி போகவில்லை. ஊரில் இருந்தால் படுக்கைதான். மருத்துவர்கள் பயணம் போகச் சொன்னார்கள். 1873இல் ஹவாயில் மௌனா லோவாவும், அதே ஆண்டு கொலராடோவில் லாங்ஸ் பீக்கும் ஏறினார். இரண்டுமே 4,000 மீட்டருக்கு மேல்.

அவர் துணிச்சலைப் பாராட்டி எழுதியவர்கள் நிறைய. எனக்குப் பிடித்தது அவர் செய்த சின்னச் சின்ன ஏற்பாடுகள். அந்தக் காலத்துப் பெண்கள் குதிரையில் ஒருபக்கமாகக் காலைத் தொங்கவிட்டுத்தான் உட்கார வேண்டும். அது முதுகை முறுக்கியது. ஹவாயில் அவர் இருபக்கமும் கால் போட்டு உட்காரப் பழகினார், வலி குறைந்தது. லாங்ஸ் பீக்குக்கு இரவல் வாங்கிய பூட்ஸ் காலுக்குப் பெரிதாக இருந்தது. வழியில் யாரோ விட்டுப்போன சிறிய மேல்காலணி கிடைத்ததும் அதைப் போட்டுக்கொண்டார். கடைசிச் சரிவில் வழிகாட்டி ஜிம் நியூஜென்ட் தன்னை இழுத்துத்தான் ஏற்றினார் என்பதை மறைக்காமல் எழுதினார். மனவுறுதியால் முதுகை ஜெயித்ததாக அவர் சொல்லவில்லை. முதுகுக்கு ஏற்ற மாதிரி சேணத்தை மாற்றினார், காலணியை மாற்றினார், தேவைப்பட்ட இடத்தில் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதையே என் பட்டியலாக எடுத்துக்கொண்டேன். கினாபாலுவில் திம்போஹான் வாசலில், சுமார் 1,866 மீட்டரில், நடை தொடங்கும். அன்றிரவு 3,272 மீட்டரில் பானாலாபானில் படுத்து, நடுநிசி தாண்டி இரண்டு, இரண்டரைக்கு உச்சிக்குக் கிளம்ப வேண்டும். என் உடம்பு மோசமாக இருக்கும் நேரம் அதுதான்! அதனால் மூன்று மாதமாகச் சனிக்கிழமைகளில் ஒரு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, அரை மணி நேரம் உடம்பை வளைத்துவிட்டு, அடுக்குமாடிப் படிகளில் ஏறி இறங்குகிறேன். ஞாயிறு பத்துமலையின் 272 படிகள், மூன்று சுற்று. இறங்கும்போதுதான் முதுகு அதிகம் அடிவாங்கும். அதற்கு இரண்டு ஊன்றுகோல்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறைந்தால் வீண். மலைமேல் தூக்கிப் போகாமல் இருக்க, இரண்டு ஊசிகளுக்கு இடைப்பட்ட நாட்களில் பயணத்தை வைத்தேன். மருத்துவர் இன்னொன்று சொன்னார்: "நீங்க தெனம் சாப்பிடுற வலி மாத்திரை தலைவலியையும் அமுக்கிடும். உயர நோய்க்கு மொத அறிகுறியே தலைவலிதான். அத நம்பாதீங்க." வாந்தி, தள்ளாட்டம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், இதில் எது வந்தாலும் இறங்கிவிட வேண்டும்.

1879இல் பேர்ட் மலாயாவுக்கும் வந்தார். யானைமேல் கோலகங்சாருக்குப் போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்காரர் ஊரில் இல்லை. இரண்டு குரங்குகளோடு சாப்பிட்டார். சில நாள் கழித்து வந்த அந்த வீட்டுக்காரர் பேராக் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ. காலணி இல்லாமல் நின்றுபோனவரும் இரவல் காலணியில் ஏறியவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த ரெசிடென்சி தோட்டத்தில் 1877இல் நட்ட ரப்பர் கன்றுகள் இந்நாட்டின் முதல் ரப்பர் மரங்களில் சில. பிறகு வந்த ரப்பர் தோட்டம் ஒன்றில்தான் என் பாட்டி பால் வாளி தூக்கினார். பாட்டிக்கும் இடுப்பு வலிதான். விடியற்காலை நாலு மணிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாராம், பெரட்டுக்கு லேட்டாகக் கூடாது என்று. பயணம் போய் உடம்பைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று எந்த மருத்துவரும் அவரிடம் சொல்லவில்லை. என்ன நோய் என்று யாரும் பார்த்ததும் இல்லை. இந்த நோய் குடும்பத்தில் வரக்கூடியது என்று மருத்துவர் சொன்னதிலிருந்து பாட்டியின் விடியற்காலைகளை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பேர்டின் சேணத்துக்கு இருந்த பணமும் நேரமும் எனக்குக் கொஞ்சம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த மாதம் போகிறேன். மலிம் குனோங்கிடம், அதாவது வழிகாட்டியிடம், கொடுக்க மலாயில் ஒரு துண்டுச்சீட்டு எழுதி வைத்திருக்கிறேன்: நோயின் பெயர், மருந்துகள், எந்த அறிகுறி வந்தால் என்னைக் கேட்காமலே இறக்கிவிட வேண்டும் என்பது. 3,668 மீட்டரில் சாயாட்-சாயாட் சோதனைச் சாவடி. அங்கே நின்று முடிவெடுப்பது என்று பேச்சு.

பூட்ஸ் அரை அளவு பெரிதாக வாங்கியிருக்கிறேன். "திரும்பி வர்றதுக்கும் சேத்து வாங்குனியா?" என்று அம்மா கேட்டார்.

இறங்கும்போது விரல் முட்டாமல் இருக்கத்தான் அந்த அரை அளவு என்றேன்.