வேட்டை அம்பும் ஓர் இளநீரும்

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்களிடம் நான் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு. பத்மநாபசுவாமி கோயில் திருவிழாவில் பள்ளிவேட்டை அன்று இரவு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேற்குக் கோட்டைப் பக்கம் போய் நில்லுங்கள். வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கும்: அல்பசி, பைங்குனி. நம்ம ஐப்பசியும் பங்குனியும்தான், கொஞ்சம் மலையாளம் பேசுகின்றன!

அங்கே எய்யப்படுவது ஒரே ஒரு அம்பு. அதன் அருமை தெரிய, அம்புகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

கட்டில் கடைக்காரருக்குக் கட்டில் சரக்கு, வாங்கிப் போட்டவருக்கு அது சொத்து. எதற்கு வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் கணக்கு. பி.காமில் படித்த இந்தப் பாடம் அம்புக்கும் பொருந்தும்.

வேட்டை அம்புக்குக் கனமான தண்டு, சவர பிளேடு போலக் கூரான அகன்ற இலைமுனை. அறுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும், மிருகம் சீக்கிரம் விழ வேண்டும். காயத்தோடு ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகவிடுவது நல்ல வேடனுக்கு அழகில்லை. அகன்ற முனை காற்றைப் பிடிக்கும் என்பதால் வாலில் இறகும் பெரிதாக இருக்கும்.

இலக்கு அம்பு நேர் எதிர். மெல்லிய தண்டு, சின்ன முனை. குத்தியதும் சேதமில்லாமல் பிடுங்கி மறுபடி எய்ய வேண்டும். ஒலிம்பிக்கில் தூரம் 70 மீட்டர். பத்து மதிப்பெண் தரும் நடுவட்டத்தின் குறுக்களவு 12.2 சென்டிமீட்டர்தான். ஒரே தண்டை இரண்டுக்கும் வைத்துக்கொள்பவர்கள் முனையை மட்டும் மாற்றுவார்கள். இரண்டு முனையும் ஒரே எடையில் இருக்க வேண்டும். எந்த அம்பானாலும் தண்டின் விறைப்பு வில்லின் பலத்துக்குப் பொருந்தாவிட்டால் குறி தவறும்.

இந்த மண்ணுக்கு அம்பு புதிதல்ல. சேரர் சின்னமே வில்தான். 1802 அக்டோபரில் வயநாட்டில் பழசி ராஜாவுக்காகத் தலக்கல் சந்துவும் எடச்சன குங்கனும் பனமரம் கோட்டையைப் பிடித்தபோது, உடன் நின்றவர்கள் குறிச்சியர் வில்லாளிகள். காட்டில் பழகிய கை, கும்பினிப் படையின் துப்பாக்கிகளை வென்றது. பிறகு 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை அம்புக்கு வேலை போயிற்று. ராஜஸ்தானில் மூங்கில் வில்லோடு வேட்டையாடி வளர்ந்த லிம்பா ராம், 1988 முதல் மூன்று ஒலிம்பிக்கில் இலக்கை நோக்கி எய்தார்.

பத்மநாபனின் பள்ளிவேட்டையில் வேட்டை எப்போதோ இலக்காகிவிட்டது. மேளதாளம் எதுவுமில்லாமல் ஊர்வலம் வேட்டக்கொருமகன் கோயிலுக்கு வரும். அரச குடும்பத் தலைவர் வில்லை வளைத்து, தரையில் வைத்திருக்கும் இளநீரின் மேல் அம்பு எய்வார். அதுதான் வேட்டை. சங்கு ஒலிக்கும், திரும்பும்போது வாத்தியம் முழங்கும். மறுநாள் ஆராட்டு. சுவாமி விமான நிலைய ஓடுதளத்தைக் கடந்து சங்குமுகம் கடலுக்குப் போக, விமானங்கள் காத்திருக்கும்.

1750இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபனுக்கு எழுதிவைத்து, தான் வெறும் தாசன் என்றார். 1949இல் திருவிதாங்கூர் கொச்சியோடு இணைந்தது. 1971இல் மன்னர் மானியமும் நின்றது. நாடு போன பிறகும் அம்பு எய்வது நிற்கவில்லை. தாசனின் கடமைக்கு நாடு எதற்கு?

"நிஜ வேட்டை இல்லையென்றால் இது எதற்கு?" என்று என் மகள் கேட்டாள். எங்கள் செட்டிநாட்டில் விஜயதசமிக்கு மகர்நோன்புப் பொட்டலில் சுவாமி அம்பு போடுவதை அவளுக்குச் சொன்னேன். அங்கேயும் எதிரி யாரும் இல்லை. வேலை போன அம்பை எறிந்துவிடாமல், யாருக்கும் வலிக்காத இலக்கொன்றை அதற்குத் தேடிக் கொடுத்திருக்கிறார்கள் இரண்டு ஊர்க்காரர்களும். ஊர்விட்டு வந்த நாமும் நம் வழக்கங்களுக்குச் செய்ய வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன்.