இலண்டன் பெருந்தீயும் பொய்ச்சாட்சியும்

பொதுமக்களைத் தாக்கும் பேரிடர் ஒன்று நிகழ்ந்தவுடன், அதன் காரணத்தை அறியுமுன்னரே அதற்கொரு குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்னும் வேட்கை மக்களிடையே எழுகின்றது. 2024 ஜூலை 29ஆம் நாள் இங்கிலாந்தில் சவுத்போர்ட் என்னும் ஊரில் நடன வகுப்பிற்கு வந்திருந்த சிறுமியர் மூவர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டனர். கொலையாளி படகில் வந்து புகலிடம் கேட்ட முஸ்லிம் என்ற செய்தி சில மணி நேரத்தில் சமூக ஊடகங்கள் வாயிலாக நாடெங்கும் பரவிற்று. மறுநாள் அவ்வூர்ப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அவனோ வேல்சு நாட்டுக் கார்டிஃப் நகரில் பிறந்தவன். உண்மை வெளிவந்த பின்னும் கலவரம் பல நகரங்களில் பல நாள் நீடித்தது.

கைப்பேசி புதிது, நோய் புதிதன்று. அதே நாட்டில் 1666ஆம் ஆண்டில் நிகழ்ந்ததை ஆராய்வோமாயின், இந்நோயின் தோற்றமும் வளர்ச்சியும், அதில் சீர்திருத்தத் திருச்சபையார் கொண்ட பங்கும் தெளிவாகப் புலப்படும்.

1. தீயும் அதன் காரணங்களும்

அக்காலத்து ஆங்கில நாட்காட்டியின்படி 1666 செப்டம்பர் 2ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை விடியுமுன், புட்டிங் லேன் என்னும் சந்தில் தாமஸ் ஃபாரினர் என்பவரது ரொட்டிக் கிடங்கில் தீப்பற்றியது. அவர் கடற்படைக்கு ரொட்டி செய்து கொடுத்து வந்தவர். குடும்பத்தார் மாடிச் சன்னல் வழியே அடுத்த வீட்டிற்குத் தப்பினர். அஞ்சி நின்ற பணிப்பெண் ஒருத்தி மாண்டாள்.

கோடை மிக வறண்டிருந்தது. கிழக்கிலிருந்து கடுங்காற்று வீசியது. வீடுகள் மரத்தாலானவை; ஒன்றையொன்று நெருக்கி நின்றவை. தேம்சு ஆற்றங்கரைப் பண்டகசாலைகளில் தாரும் எண்ணெயும் நிறைந்திருந்தன. வீடுகளை இடித்துத் தீயின் வழியை அடைத்திருக்க வேண்டும். நகரத் தலைவர் தாமஸ் பிளட்வர்த் அதற்கு உரிய வேளையில் துணியவில்லை. நான்கு நாள்களில் ஏறத்தாழ 13,200 வீடுகளும், 87 பங்குக் கோவில்களும், தூய பவுல் பேராலயமும் எரிந்தன. இவ்வளவே காரணம். அடுப்பு, காற்று, வறட்சி, மரவீடு, தயங்கிய அதிகாரி ஆகியவற்றைத் தவிர வேறு காரணம் எதுவும் நிலைநாட்டப்படவில்லை.

2. வதந்தி வேரூன்றிய நிலம்

ஆயினும் தீ எரிந்துகொண்டிருக்கும்போதே, 'இது பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரும் கத்தோலிக்கரும் கூடிச் செய்த சதி' என்ற பேச்சு எழுந்துவிட்டது. இதற்கு நிலம் முன்னரே பண்பட்டிருந்ததை நாம் கவனிக்க வேண்டும்.

முதலாவது, இங்கிலாந்து அவ்விரு நாடுகளுடனும் போரில் இருந்தது. தீக்குச் சில வாரங்களுக்கு முன், ஆகஸ்டில், ஆங்கிலக் கடற்படையினர் டச்சு வணிகக் கப்பல்கள் ஏறத்தாழ 140ஐயும் டெர்ஷெலிங் தீவின் ஊர் ஒன்றையும் கொளுத்தியிருந்தனர். இலண்டன் மக்கள் அதனைக் கொண்டாடினர். தான் செய்ததைப் பிறன் தனக்குச் செய்வான் என்று குற்றமுள்ள நெஞ்சம் எதிர்பார்ப்பது இயல்பே.

இரண்டாவது, 1605ஆம் ஆண்டின் வெடிமருந்துச் சதி உண்மையாகவே நிகழ்ந்தது. அந்நினைவு ஆண்டுதோறும் நவம்பர் 5ஆம் நாள் ஆலயங்களில் புதுப்பிக்கப்பட்டு வந்தது. ஒருமுறை சிலர் செய்ததை என்றும் எல்லாரும் செய்வர் என மக்கள் நம்பப் பழகியிருந்தனர்.

மூன்றாவது, அஞ்சல் நிலையம் எரிந்தது. அரசின் செய்தித்தாளாகிய 'இலண்டன் கெசட்' அச்சிடப்பட்ட இடமும் எரிந்தது. உண்மைச் செய்தி வரும் வழி அடைபட்டபோது அவ்விடத்தை வதந்தி நிரப்பிற்று. 50,000 பகைவர் படையெடுத்து வருகின்றனர் என்ற கூக்குரல் எழ, வீடிழந்து வெளிநிலங்களில் தங்கியிருந்தோர் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நகருக்குள் ஓடினர். அரசன் இரண்டாம் சார்லஸ் மூர்ஃபீல்ட்ஸ் வெளிக்குத் தானே சென்று, இது சதியன்று என மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதாயிற்று.

அந்நாள்களில் அயல்நாட்டார் பட்ட பாடு கொடிது. வில்லியம் டாஸ்வெல் என்னும் பள்ளி மாணவர், கொல்லன் ஒருவன் வழியே சென்ற பிரெஞ்சுக்காரனை இரும்புத் தடியால் அடித்து வீழ்த்தியதைக் கண்டு பின்னாளில் எழுதியுள்ளார். வேறொருவன் பெட்டியில் வைத்திருந்த டென்னிஸ் பந்துகள் எரிகுண்டுகள் எனப்பட்டன.

போர்ச்சுகல் தூதரின் பணியாள் ஒருவனைப் பற்றி அமைச்சர் கிளாரண்டன் பிரபு எழுதி வைத்த நிகழ்ச்சி நம் சிந்தனைக்குரியது. அவன் சட்டைப் பையிலிருந்து எரிகுண்டை எடுத்துக் கடைக்குள் எறிந்ததைத் தன் கண்ணாலே கண்டதாக மதிப்புள்ள குடிமகன் ஒருவன் ஆணையிட்டுச் சொல்ல முன்வந்தான். அவனோ, 'தெருவில் ஒரு ரொட்டித் துண்டு கிடந்தது. அதனை எடுத்து அருகிருந்த வீட்டுப் பலகையில் வைத்தேன். உணவைக் காலில் மிதிபட விடுவது எங்கள் நாட்டு வழக்கமன்று' என்றான். பிரபுக்கள் இருவர் அவ்விடத்திற்கே சென்று பார்த்தபோது, அந்த ரொட்டித் துண்டு பலகைமேல் இருந்தது. சிந்திய சோற்றை மிதிக்க அஞ்சும் நம் நாட்டார்க்கு அவ்வேலையாளின் செயல் எளிதில் விளங்கும். சாட்சி சொன்னவனோ வேண்டுமென்றே பொய்யுரைத்தான் என்றும் கூற இயலாது. அச்சம் அவன் கண்களில் புகுந்திருந்தது. அவை ரொட்டியை எரிகுண்டாகவே கண்டன. இருவர் அங்கு நடந்து சென்று பார்த்ததே ஓருயிரைக் காத்தது.

3. ஹியூபர்ட்டின் வழக்கு

அத்தகைய காவல் கிடைக்காதவன் ராபர்ட் ஹியூபர்ட். இவன் பிரான்சின் ரூவன் நகரத்துக் கடிகாரத் தொழிலாளியின் மகன். வயது ஏறத்தாழ 26. மனத்தெளிவு குன்றியவன் எனக் கருதப்பட்டவன். தான் தீ வைத்ததாக அவனே அறிக்கையிட்டான். முதலில் வெஸ்ட்மின்ஸ்டரில் என்றான். தீ அங்குச் செல்லவேயில்லை. பின்னர் ரொட்டிக் கிடங்கின் சன்னல் வழியே எரிகுண்டைச் செலுத்தியதாகக் கூறினான். அங்கு அத்தகைய சன்னலே இல்லை என்பது கடைக்காரர் வாக்கு. எரிந்த இடத்தை அவன் சரியாகக் காட்டினான் என்பது அவனுக்கெதிராக நின்றது. ஆனால் அந்நாளில் அவ்விடத்தை அறியாதவர் இலண்டனில் எவர்?

தலைமை நீதிபதி கீலிங் அவன் பேச்சை நம்பவில்லை. நீதிபதிகளோ அங்கிருந்த எவருமோ அவனைக் குற்றவாளியென நம்பவில்லை என்றே கிளாரண்டன் எழுதியுள்ளார். ஆயினும் 1666 அக்டோபரில் அவன் டைபர்னில் தூக்கிலிடப்பட்டான். குற்றச்சாட்டில் ஒப்பமிட்டவருள் ஃபாரினர் குடும்பத்தார் மூவர் இருந்தனர். தம் அடுப்பின்மேல் விழ வேண்டிய பழி வேறொருவன் தலைமேல் ஏறியதால் ஆதாயம் பெற்றவர் அவர்களே. பின்னர், அவனைக் கொண்டுவந்த கப்பலின் தலைவர், தீத் தொடங்கி இரண்டு நாள் கழித்தே அவன் கரையிறங்கினான் எனத் தெரிவித்தார். அவன் பிரெஞ்சுச் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவன் என்று அவனை அறிந்தோர் கூறினர். வதந்தியோ அவனைப் போப்பின் கையாள் என்றே பிற்காலத்தார்க்கு ஒப்படைத்தது.

பாராளுமன்றக் குழு சாட்சியங்களைத் திரட்டியும் சதியை நிலைநாட்ட இயலவில்லை. கடவுளின் கரம், பெருங்காற்று, வறண்ட பருவம் இவையன்றி வேறெதுவும் காணப்படவில்லை என்று அரசவைக் குழு முடிவு கூறிற்று. அம்முடிவை மக்கள் ஏற்கவில்லை.

4. ஒரு போதகரின் துயரம்

இவ்விடத்தில் போதக ஊழியத்திலிருப்போர் சிறப்பாக நோக்கவேண்டியவர் இஸ்ரயேல் டாங் என்பவர். இறையியலில் உயர்பட்டம் பெற்ற இவர், 1666இல் இலண்டனின் தூய மரியாள் ஸ்டெயினிங் பங்கிற்குப் போதகராக அமர்த்தப்பட்டார். சில மாதங்களில் அவரது கோவில் தீக்கிரையாயிற்று. அவர் இழப்பு மெய்யானது; துயரமும் மெய்யானது. ஆனால் அத்துயரம் அறிக்கையாகவும் மன்றாட்டாகவும் மாறாமல், 'இதைச் செய்தவர் இயேசு சபையாரே' என்னும் நிலைத்த எண்ணமாக உறைந்தது. அதற்குச் சான்று தேடி ஆண்டுகள் பல கழித்தார். சான்று கிடைக்கவில்லை; டைட்டஸ் ஓட்ஸ் கிடைத்தார். இவரும் ஆங்கிலத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றவரே. 1678இல் இருவரும் சேர்ந்து, அரசனைக் கொல்லக் கத்தோலிக்கர் சூழ்ச்சி செய்கின்றனர் என்றும், 1666இன் தீயும் அவர்கள் வைத்ததே என்றும் குற்றப் பட்டியல் ஒன்றை வெளியிட்டனர். எட்மண்ட் பெரி காட்ஃப்ரே என்னும் நீதிபதி அவ்வாண்டு மர்மமாக இறக்கவே, நாடு முழுவதும் அதை நம்பிற்று. குற்றமற்றோர் பதினைவருக்குக் குறையாமல் உயிரிழந்தனர். 1681 ஜூலை 1ஆம் நாள் தூக்கிலிடப்பட்ட அர்மாக் பேராயர் ஆலிவர் பிளங்கெட் அவர்களுள் இறுதியானவர். 1685இல் ஓட்ஸ் பொய்ச்சாட்சிக்காகத் தண்டனை பெற்றார்; மாண்டோர் மீளவில்லை.

பொய் கல்லிலும் ஏறியது. கிறிஸ்டபர் ரென், ராபர்ட் ஹூக் ஆகியோர் அமைத்து 1677இல் முடிவுற்ற 202 அடி உயர நினைவுத் தூணில், கத்தோலிக்கரின் வெறியே இக்கொடுமையைச் செய்தது என்ற பொருள்பட 1681இல் ஒரு வரி சேர்க்கப்பட்டது. இரண்டாம் ஜேம்ஸ் காலத்தில் அது நீக்கப்பட்டது. 1689இல் மீண்டும் பொறிக்கப்பட்டது. 1830இல்தான் இறுதியாக அழிக்கப்பட்டது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு அப்பொய் நகரின் நடுவே நின்றது.

5. திருச்சபைக்குரிய பாடங்கள்

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்க வேண்டியவை சில உள.

முதலாவது, திருச்சபை இத்தகைய வதந்தியின் பலியாகத் தன் வரலாற்றைத் தொடங்கிற்று. கி.பி. 64இல் உரோமை நகர் எரிந்தபோது நீரோ கிறிஸ்தவர்மேல் பழியைச் சுமத்தினான் என்று டாசிட்டஸ் எழுதுகிறார். அடிபட்டவரின் வழிவந்தோரே அடிப்போராக மாறக்கூடும் என்பதற்கு 1666ஆம் ஆண்டு சான்று. நம் சபைப் பிரிவின் பெயரால் இது நடந்ததை நாம் மறைக்கலாகாது.

இரண்டாவது, ஒன்பதாம் கட்டளை நீதிமன்றக் கூண்டிற்கு மட்டும் உரியதன்று. பொய்யான செய்தியை ஏற்றுப் பரப்புவதையும், தீமை செய்யத் திரளானோரைப் பின்தொடர்வதையும் யாத்திராகமத்தின் 23ஆம் அதிகாரம் ஒருசேரத் தடுக்கின்றது. இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்ற உபாகமச் சட்டம் குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் கடவுள் எழுப்பிய மதில். சபையாருக்குக் கைப்பேசியில் ஒரு செய்தியை அனுப்பும் போதகரும் சாட்சிக் கூண்டில் நிற்பவரே. போதகர் அனுப்பியதாலேயே அதை நம்புவோர் பலர்.

மூன்றாவது, சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டதை லூக்கா 13ஆம் அதிகாரம் கூறுகின்றது. மாண்டோர் மற்றவரினும் பெரும் பாவிகளல்லர் என்றுரைத்த ஆண்டவர், கேட்டோரை மனந்திரும்ப அழைத்தார். பேரிடரைக் கொண்டு பிறரைக் குற்றவாளியாக்கும் வழியை அவர் அடைத்துவிட்டார். ஆனால் கோபுரத்தைக் கட்டியவரின் கவனக்குறைவை ஆராயும் வழியை அவர் அடைக்கவில்லை. இலண்டனில் மெய்யான பயன் தந்தது சதி வேட்டையன்று. செங்கல்லாலும் கல்லாலுமே வீடு கட்டப்பட வேண்டுமென்ற 1667ஆம் ஆண்டுச் சட்டமே. சதிக்கதை மெய்யான காரணத்தை மறைக்கும். மறைந்த காரணம் மீண்டும் கொல்லும்.

நான்காவது, துயருற்றவனுக்கு அருகிருந்து ஆறுதல் கூறுவது உண்மையைக் காக்கும் பணியுமாகும். டாங் போதகரின் எரிந்த கோவிலுக்காக அவரோடு அழுதவர் எவரேனும் இருந்திருப்பின், அவர் ஓட்ஸின் துணையை நாடியிருக்க மாட்டார் என எண்ண இடமுண்டு.

1986ஆம் ஆண்டில் இலண்டன் ரொட்டி வணிகர் கூட்டத்தார் புட்டிங் லேனில் ஒரு பலகையைத் திறந்து வைத்து, தம் தொழிலைச் சேர்ந்தவரின் கடையிலேயே தீத் தொடங்கியதை ஏற்றுக்கொண்டனர். அதற்கு 320 ஆண்டுகள் ஆயின. பொய்யைப் பரப்ப ஒரு நாள் போதும்; உண்மையை அறிக்கையிடப் பல தலைமுறை ஆகின்றது. ஆகையால், அடுத்த பேரிடரின் செய்தி நம் கைக்கு எட்டும்போது, அந்த இரு பிரபுக்களைப் போல் நடந்து சென்று, பலகைமேல் இருப்பது எரிகுண்டா ரொட்டியா என்று பார்த்தபின் வாய் திறப்பது நம் ஊழியக் கடமையாகும்.